'பேஸ்' என்னும் சிறு சொல்

ஒரு மொழியிலே மிக எளியனவாகத் தோன்றுஞ் சொற்களே மொழிபெயர்ப்பாளனை மிகுதியும் அலைக்கழிப்பன. பெரிய கலைச்சொற்கள் அவ்வாறு செய்வதில்லை. அவற்றுக்கு நேரான ஒரு சொல் அகராதியிலே காத்திருக்கும். எடுத்து வைத்துவிட்டு அப்பாற் செல்லலாம். நாள்தோறும் வாயிலுங் காதிலும் புழங்குஞ் சிறு சொற்களோ, தொட்ட மாத்திரத்திலே பல கிளைகளாய்ப் பிரிந்து விடுகின்றன. ஆங்கிலத்திலே 'பேஸ்' என்பது அத்தகையதொரு சொல். நமது எழுத்தில் எழுதும்போது முகத்தைக் குறிக்குஞ் சொல்லும், அடித்தளத்தைக் குறிக்குஞ் சொல்லும் இவ்வாறே தோன்றுமாதலின், நாம் கருதுவது நடையின் வேகத்தைக் குறிக்கும் 'பேஸ்' என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். ருஷ்ய மொழியைச் சில காலம் பயின்றும் பயிற்றியும் வந்த எமக்கு, இந்த ஒரு சொல் தந்த சிந்தனைகள் பல. அவற்றுட் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

இச்சொல்லின் பிறப்பிடம் இலத்தீன். காலை விரித்து வைக்கும் எட்டுக்கு இலத்தீனிலே 'பாஸுஸ்' என்று பெயர். உரோமர் வலக்கால் ஊன்றிய இடத்திலிருந்து மீண்டும் வலக்கால் ஊன்றும் இடம் வரையுள்ள தூரத்தை, அதாவது நாம் ஈரடி என்று எண்ணுவதை, ஒரு பாஸுஸ் எனக் கொண்டனர். அது ஏறக்குறைய 1.48 மீற்றர். அத்தகைய ஆயிரம் எட்டுக்களே ஒரு மைல். 'மைல்' என்ற சொல்லே ஆயிரம் எனப் பொருள்படும் 'மில்லே' என்பதன் வழிவந்தது. நெடுங்காலமாக நம் தெருக்களிலே நின்ற மைற்கற்களுக்குள், உரோமப் படைவீரனின் காலடி ஒளிந்திருந்தது என்றால் வியப்பன்றோ?

பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துட் புகுந்த இச்சொல், அங்கே பல பொருள்களைத் தாங்கலாயிற்று. ஓர் எட்டு என்பது முதற் பொருள். நடக்கும் வேகம் என்பது அடுத்தது. பின்னர் எச்செயலும் நடைபெறும் விரைவையும் அது குறித்தது. கவலையுற்றோன் அறைக்குள் மேலும் கீழுமாய் உலாவுவதற்கும் அதுவே சொல். குதிரையின் ஒருவகை நடைக்கும் அதுவே பெயர். கிரிக்கெட் ஆட்டத்திலே நமது சிறுவர்கள் மதிப்பும் அச்சமும் கலந்து பேசும் வேகப்பந்து வீச்சுக்கும் அதுவே ஆகும்.

இத்தனை பொருள்களையுந் தாங்கவல்ல ஒரு சொல் ருஷ்ய மொழியில் இல்லை. அங்கே ஒரு குடும்பமே திரண்டு வந்து இச்சுமையைப் பகிர்ந்துகொள்கிறது.

முதலில் வருவது 'ஷாக்'. மின்சாரந் தாக்கும்போது நாம் கூறும் ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவில்லை. இதன் பொருள் காலடி, எட்டு என்பதாகும். லெனின் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றின் தலைப்பைத் தமிழிலே 'ஓரடி முன்னால், ஈரடி பின்னால்' என்பர். அங்கே அடி என நிற்பது இந்த 'ஷாக்' தான். ருஷ்யப் படையினரின் அணிநடை விதிகளும் இச்சொல்லையே ஆளுகின்றன. நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி, ஒவ்வோர் அடியும் 70 முதல் 80 சதம மீற்றர் என்பது அவ்விதி. கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றராகும். கால் தரையிற் படும்போது கேட்கும் ஓசை இச்சொல்லோடு எப்போதும் ஒட்டியிருக்கும்.

இரண்டாவது 'தெம்ப்'. இது ருஷ்ய மண்ணிற் பிறந்ததன்று. இத்தாலிய இசைவாணரின் 'தெம்போ'விலிருந்து வந்தது. அதன் மூலமோ காலம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இதைக் கற்றபோது நாம் பெற்ற மகிழ்ச்சி சிறிதன்று. ஏனெனில், நமது இசைவாணர்களும் பாட்டின் விரைவைக் 'காலம்' என்றே கூறுவர். விளம்ப காலம், மத்திம காலம், துரித காலம் என்பன இசை பயிலும் சிறு பிள்ளைக்குந் தெரியும். ஒன்றையொன்று அறியாத இரு இசை மரபுகள், விரைவுக்குப் பெயர் தேடியபோது ஒரே வாயிலில் வந்து நின்றன. அதுமட்டுமன்று; தாளத்தின் உட்பிரிவை நாம் திஸ்ர நடை, கண்ட நடை என்றெல்லாம் 'நடை' என்ற சொல்லாற் குறிக்கின்றோம். ஆங்கிலேயரின் 'பேஸ்' காலடியிலே தொடங்கி விரைவிலே முடிந்தது போல, நமது நடையும் காலிலே தொடங்கித் தாளத்திலும் உரைநடையிலும், மனிதனின் ஒழுக்கத்திலுங்கூடச் சென்று தங்கியுள்ளது.

மூன்றாவது 'ஸ்கோரஸ்த்'. இது அளந்தறியும் வேகம். புகைவண்டியின் வேகம், ஒளியின் வேகம், காற்றின் வேகம் யாவும் இதுவே. நான்காவது 'பஹோத்கா'. ஒருவர் நடக்கும் விதத்தை இது குறிக்கும். தொலைவில் வருபவரின் முகம் தெரியாதபோதும் நடையைக் கண்டே இன்னார் என்று அறிந்துகொள்கின்றோம் அல்லவா? அந்த நடை இது. ஐந்தாவது 'போஸ்துப்'. பெருமிதத்தோடு அடியெடுத்து வைக்கும் கம்பீர நடைக்கு உரிய, சற்றே உயர்ந்த வழக்கு. ஆங்கிலத்தில் 'பேஸ்' என்று கண்டவிடத்து இவ்வைந்தினுள் எது பொருந்தும் என்று தேர்வதே மொழிபெயர்ப்பாளனின் முதல் வேலை.

குதிரை வரும்போது ஆறாவதொரு சொல் வேண்டும். பொதுவாகக் குதிரை பெருநடை போடும்போது குறுக்காக உள்ள கால்கள் இணைந்து இயங்கும். சில குதிரைகளோ ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் ஒருங்கே தூக்கி வைக்கும். ஆங்கிலேயர் இதனையும் 'பேஸ்' என்றனர். ருஷ்யர் அத்தகைய குதிரையை 'இனஹோதெத்ஸ்' என்பர். வேறான நடையுடையது என்பது அதன் உட்பொருள். கிர்கீசிய எழுத்தாளர் சிங்கீஸ் ஐத்மாத்தவ் 1966இல் வெளியிட்ட நெடுங்கதையின் நாயகனான குல்சாரி என்னும் குதிரை இவ்வினத்தைச் சேர்ந்ததே.

மரபுத் தொடர்கள் இன்னும் சுவையானவை. மிக மெதுவான போக்கை ஆங்கிலேயர் நத்தையின் வேகம் என்பர். ருஷ்யரோ நத்தையை விட்டுவிட்டு 'செரெபாஹா'வை அழைக்கின்றனர். அது ஆமை. ஆமையின் அடிகளால் நடப்பது என்று அவர்கள் கூற, ஆமை வேகம் என்று நாம் கூறுகின்றோம். காலத்தோடு ஒத்துச் செல்வதைக் குறிக்க ஆங்கிலேயர் 'பேஸ்' என்ற சொல்லை வைத்துப் பேசுவர். ருஷ்யரோ காலத்தோடு 'காலுக்குக் காலாக' நடத்தல் என்பர். அவசரம் வேண்டாம் என்பதற்கு அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு: மெல்லச் செல்வாய், தொலைவு சேர்வாய். பதறாத காரியஞ் சிதறாது என்ற நம் முதுமொழியின் உடன்பிறப்பென அதனைச் சொல்லலாம்.

ஓட்டக்காரரிடையே இச்சொல் ஒரு புதிரையும் வைத்திருக்கிறது. வேகம் என்றால் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்போம். எண் கூடினால் வேகமும் கூடும். ஓட்டக்காரரின் 'பேஸ்' அதற்கு மறுதலையானது. ஒரு கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம் என்பதே அதன் அளவு. ஆறு நிமிடம் என்பது மணிக்கு பத்துக் கிலோமீற்றர். ஐந்து நிமிடம் என்பது பன்னிரண்டு. எண் குறையக் குறைய ஓட்டம் விரையும். ருஷ்ய ஓட்டக்காரர் இதனைத் 'தெம்ப்' என்கின்றனர். 'ஸ்கோரஸ்த்' என்று பெயர்த்தால் கணக்கே தலைகீழாகிவிடும்.

பிறருக்காக வேகத்தை வகுத்துக் கொடுப்போனையும் ஆங்கிலம் இச்சொல்லினின்றே பெயரிட்டழைக்கிறது. 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, ஒக்ஸ்போர்டில் றொஜர் பனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலிற் கடந்தார். முதலில் கிறிஸ் பிறேஷரும், பின்னர் கிறிஸ் சற்றவேயும் அவருக்கு முன்னே ஓடி வேகத்தை வகுத்துக் கொடுத்தனர். இதே பெயரை மருத்துவர் இதயத்துக்கும் வழங்கினர். 1958இல் சுவீடன் நாட்டிலே முதன்முதலாக மனித உடலினுட் பொருத்தப்பட்ட சிறு கருவி அது. ருஷ்யர் அக்கருவியை இதயத்தைத் தூண்டுவது என்ற பொருளிலே அழைப்பர். ஆயின், இதயத்தினுள் இயற்கையாகவே அமைந்து துடிப்பை வகுக்கும் பகுதிக்கு 'தாளத்தின் சாரதி' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியுள்ளனர். எத்துணை அழகிய பெயர்!

இனி, நம்மைச் சிந்திக்க வைத்த நிகழ்ச்சிக்கு வருவோம். ருஷ்யாவில் மருத்துவம் பயிலச் செல்லவிருந்த அயல்வீட்டு மாணவி ஒருத்தி எம்மிடம் சில காலம் மொழி கற்க வந்தாள். நோயாளியிடம் 'உமது பேஸில் நடவும்' என்று கூறும் ஆங்கில வாக்கியமொன்றை அவள் பெயர்க்க வேண்டியிருந்தது.

"மாஸ்ரர், 'ஸ்கோரஸ்த்' என்று போடலாமா?" என்று கேட்டாள்.

"அது வண்டிக்குப் பொருந்தும், பிள்ளை. நோயாளியை அளந்துகொண்டிருப்பது போலாகிவிடும். 'உமக்கு வசதியான தெம்பிலே நடவும்' என்பதே அங்குள்ள வழக்கு" என்றோம்.

அவள் சற்றுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, "தெம்ப் என்றால் காலம் என்று சொன்னீங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காலமா, மாஸ்ரர்?" என்றாள்.

இலக்கணத்தால் விடையிறுக்கத்தக்க வினா அன்று அது. ஏனெனில், 'தெம்ப்' என்னும் இதே சொல் ருஷ்ய வரலாற்றிலே ஒருவருக்கும் உரியதல்லாத வேகத்தையுங் குறித்ததுண்டு. 1928இல் முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியபின், தொழிலாக்கத்தின் தெம்ப் என்பதே நாடெங்கும் முழக்கமாயிற்று. 1931 பெப்ரவரி 4ஆந் திகதி தொழில் நிர்வாகிகள் முன்னிலையிற் பேசிய ஸ்டாலின், வேகத்தைச் சிறிது தணிக்கலாகாதா என்ற வினாவை எடுத்து, தணித்தலாகாது என்று உறுதியாக விடை கூறினார். ஒரே வேலைமுறையில் யார் மிகுதியான கொங்கிறீற்றுக் கலவை ஆக்குவது என்ற போட்டியை வைத்து, வலன்தீன் கத்தாயெவ் 1932இல் ஒரு நாவலே எழுதினார். தொழிற்சாலைகள் எழுந்தன, அதனை மறுப்பார் இலர். ஆயின், நிலங்களைக் கூட்டுப்பண்ணைகளாக்கிய அதே அவசரத்தின் பின் 1932லும் 1933லும் வந்த பஞ்சத்திலே பல இலட்சம் மக்கள் மாண்டனர். பின்தங்கியவனுக்காக நிற்றலாகாது என்று ஒரு வேகம் விதிக்கப்படும்போது, பின்தங்கியவன் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறான்.

இது வேற்றுநாட்டுப் பழங்கதை மட்டுமன்று. இங்கிலாந்திலே தெருக் கடவைகளின் பச்சை விளக்கு, நடப்போர் செக்கனுக்கு 1.2 மீற்றர் செல்வர் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டது. 65 வயதும் அதற்கு மேலுமானோரின் நடையை அந்நாட்டில் ஆய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை, ஆடவரின் சராசரி 0.9 மீற்றர், பெண்டிரின் சராசரி 0.8 மீற்றர் என்று காட்டியது. விளக்கு மாறும்போது முதியவர் நடுத்தெருவிலே நிற்பார். இதிலே பிழை அவருடைய காலில் இல்லை. அவரை எண்ணாமல் வகுத்த அளவிலேயே உள்ளது.

நம் இல்லங்களிலும் இத்தகைய விளக்குகள் உள. ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சை, அதன்பின் சாதாரண தரம், உயர்தரம் என்று ஒவ்வொன்றும் ஒரு திகதியைக் குறித்துக்கொண்டு நிற்கிறது. அவை வேண்டாமென நாம் கூறவில்லை. அத்திகதிகளையே தாளமாகக் கொண்டு, விடியுமுன் ஒரு வகுப்பு, அந்தியில் ஒரு வகுப்பு என்று பிள்ளையை ஓட்டும்போது, அப்பிள்ளையின் கால் எங்கே ஊன்றுகிறது என்பதை நாம் பார்க்கின்றோமா? ஒரு பிள்ளை கணக்கினை விரைந்து பற்றிக்கொள்ளும், கட்டுரையிலே தயங்கும். மற்றொன்று ஒவ்வொன்றையும் இருமுறை கேட்டபின்னரே விளங்கிக்கொள்ளும். விளங்கியதைப் பின் மறவாது. இவ்விரண்டையும் ஒரே தெம்பிலே நடத்துதல் எளிது. ஆயின், அப்போது யாரேனும் ஒருவர் நடுத்தெருவில் நிற்க நேரும்.

மாணவியின் வினாவுக்கு அன்று நாம் கூறிய விடை இதுவே: ஆம், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காலந்தான். இசையரங்கிலே தாளம் அனைவருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மருத்துவமனையின் நடைகூடத்திலே தாளத்தை வகுப்பவர் நோயாளியே. எவ்விடத்தில் எது என்று அறிதலே மொழிபெயர்ப்பாளனுக்கும் மருத்துவனுக்கும், ஆசிரியனுக்கும் பெற்றோருக்கும் வேண்டுவது. அவள் தன் குறிப்பேட்டிலே ருஷ்ய வாக்கியத்தை எழுதி, 'உமக்கு வசதியான' என்ற சொற்களின் கீழ் ஒரு கோடிட்டுக்கொண்டாள்.

சிறு பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு தெருவிலே நடக்கும்போது, எவரும் சொல்லித் தராமலே நாம் நமது எட்டைக் குறுக்கிக்கொள்கின்றோம். பாடஞ் சொல்லிக் கொடுக்க அதே பிள்ளையின் அருகில் அமரும்போதும், அவ்வாறே செய்யலாகாதா?