நின்றவர்கள் கேட்ட சட்டம்

சகோதரி ஹலீமா ஆதன் மாடலிங் தொழிலைவிட்டு விலகிய செய்தியை நம்மில் பலர் அறிவோம். கென்யாவின் காக்குமா அகதி முகாமில் பிறந்து, அமெரிக்காவில் ஹிஜாபுடன் மேடையேறிப் புகழ் பெற்று, தொழுகையையும் ஹிஜாபையும் பேண முடியாத தொழில் வேண்டாமென 2020 நவம்பரில் ஒதுங்கியவர் அவர். அந்தச் செய்தி நம் ராயபுரத்து வாட்ஸ்அப் குழுக்களில் பல நாள் ஓயாமல் சுற்றி வந்தது. மகிழ்ச்சிதான். ஆயினும், தான் இருந்த தொழிலையே பிறகு ஆராய்ந்து, அங்கே எஞ்சியிருக்கும் சிறுமிகளுக்காகச் சட்டம் கேட்ட இன்னொரு பெண்ணைப் பற்றி நம்மிடையே யாரும் பேசிக் கேட்டதில்லை. அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். பெயர் சாரா ஜிஃப்.

நியூயார்க்கைச் சேர்ந்த அவர் 14 வயதில் மாடலிங் தொழிலுக்கு வந்தார். விளம்பரப் படங்களில் சிரிக்கும் முகங்களுக்குப் பின்னே நடப்பதை, உடன் பணியாற்றியோரின் வாயாலேயே சொல்லவைத்து ‘பிக்சர் மீ’ என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலும், பின்னர் ஹார்வர்டின் கென்னடி கல்லூரியில் பொது நிர்வாகமும் பயின்றார். 2012இல் ‘மாடல் அலையன்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அவ்வமைப்பு முதலில் கையிலெடுத்தது கணக்கெடுப்பை. எந்த வயதில் இத்தொழிலுக்கு வந்தீர்கள், கூலி ஒழுங்காக வந்ததா, உடல் எடையைக் குறைக்கச் சொன்னவர் யார் என்று மாடல்களிடமே கேட்டுத் தொகுத்தார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பதில் அளித்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் எடையைக் குறைக்குமாறு சொல்லப்பட்டவர்கள் எனத் தெரிந்தது. ‘நான் கஷ்டப்பட்டேன்’ என்று ஒருத்தி சொன்னால் அது அவளுடைய தலைவிதியாகிவிடும். பலர் சொன்னதை எண்ணி எழுதி வைத்தால் ஆட்சியாளரும் எளிதில் தட்டிக் கழிக்க இயலாது.

நியூயார்க்கில் நடிக்கும் பிள்ளைகளுக்கும் பாடும் பிள்ளைகளுக்கும் இருந்த தொழில் பாதுகாப்பு, மாடலாக நிற்கும் பிள்ளைகளுக்கு இல்லாதிருந்தது. 2013இல் அது திருத்தப்பட்டது. 18 வயதுக்குட்பட்டவருக்கு அனுமதிச் சான்று வேண்டும். வருவாயில் 15 விழுக்காடு அப்பிள்ளையின் பெயரிலேயே சேமிக்கப்பட வேண்டும். 2024 டிசம்பரில் ஆளுநர் கையெழுத்திட்ட ‘ஃபேஷன் வொர்க்கர்ஸ் ஆக்ட்’ இன்னும் விரிவானது. மாடல்களுக்கு வேலை பிடித்துத் தரும் நிறுவனங்கள் அவர்களின் நலனை முன்வைத்தே நடக்கக் கடமைப்பட்டவை. தரகு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 8 மணி நேரத்துக்கு மேற்பட்டால் கூடுதல் கூலி, அரை மணி உணவு இடைவேளை.

ஃபிக்ஹில் வகாலத், இஜாரா பாடங்களை நடத்தும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. வக்கீல் என்பவர் பிறருடைய அமானத்தைச் சுமப்பவர். கூலி இன்னதென முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். மாடலிங் தொழிலை நாம் ஏற்கவில்லை என்பது வேறு. அங்கே ஒரு சிறுமியின் கூலி பறிக்கப்பட்டால் அது அநீதியே என்பது வேறு.

அந்த அரை மணி உணவு இடைவேளையைப் படித்தபோது நமக்குப் பெரம்பூரின் பி அண்டு சி ஆலை நினைவுக்கு வந்தது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, மதிய உணவுக்குக் கிடைத்த அரை மணி போதவில்லை என்பதும் தொழிலாளர் குறைகளுள் ஒன்று. நெய்தவருக்கும், அதே துணியை உடுத்திக் காட்டுபவருக்கும் ஒரே முறையீடு.

இடையில் இன்னொருவர் இருக்கிறார்: துணியை விற்பவர். நம் மாலை வகுப்பில் ஓதிய பிள்ளைகளுள் சிலர் பிளஸ் டூ முடித்ததும் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குச் செல்கிறார்கள். காலையில் நிற்கத் தொடங்கினால் இரவுவரை நிற்கிறார்கள். கோழிக்கோட்டில் விஜி என்ற தையற்பெண்ணும் அவர் திரட்டிய ‘பெண்கூட்டு’ அமைப்பும் போராடியதால் 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்பது இன்று சட்டம்.

“நாற்காலி போட்டிருக்காங்க ஆலிமா. உக்காந்தாத்தான் முறைக்கிறாங்க” என்றாள் ஒரு மாணவி. தண்டையார்பேட்டைப் பிள்ளை, வயது பத்தொன்பது, கணுக்கால் வீங்கியிருந்தது. அவள் வேலை பார்க்கும் கடையின் உரிமையாளர் வேற்றார் அல்லர். ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் நிற்பவர். வேலையை விட்டுவிடு என்கிறார் அவளுடைய அம்மா. விட்டால் தங்கையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லை. விட்டாலும் அவ்விடத்தில் நாளை வேறொரு பிள்ளை நிற்கும்.

சாரா ஜிஃப்பைப் பற்றி வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். மதரஸாவில் மாடல் கதையா என்று. இவள் மட்டும், “அவங்க கேட்ட கேள்வி என்னென்ன?” என்று கேட்டாள். அடுத்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். வந்த நேரம், சாப்பிட்ட நேரம், உட்கார்ந்த நிமிடங்கள், அஸர் தொழ விட்டார்களா. இப்போது நான்கு கடைகளில் வேலை செய்யும் பதினொரு பிள்ளைகள், நம் சமுதாயத்தார் அல்லாதவர்களும் சேர்த்து, அதே கட்டங்களை நிரப்புகிறார்கள். அஞ்சல்வழியில் பொருளியல் படிக்க அவள் விண்ணப்பமும் வாங்கியிருக்கிறாள்.

மூன்று மாதக் கணக்கு ரமளானுக்கு முன் முடிகிறது. அதை நம் ஜமாஅத் நிர்வாகக் கூட்டத்தில் வைக்க இருக்கிறோம். அந்தக் கடைக்காரரும் நிர்வாகிகளுள் ஒருவர்.