சொந்தப் பதிப்பு

தலைநகரில் வாழும் தமிழரிடையே எழுதுவோர் தொகை குறைவன்று. கோப்புகளுக்கிடையே கதையும் கட்டுரையும் எழுதிப் பழகிய அலுவலக நண்பர்கள் பலரை நான் அறிவேன். 1965இல் கி. கஸ்தூரிரங்கன் ‘கணையாழி’யைத் தொடங்கியதும் இவ்வூரில்தான். எழுதுவதில் நமக்குத் தயக்கமில்லை. எழுதியதை நூலாக்க முற்படும்போதே இடர்ப்பாடு தொடங்குகிறது. தமிழ்ப் பதிப்பகங்கள் பெரும்பாலும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. கையெழுத்துப் பிரதியை அனுப்பிவிட்டு விடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்கு எல்லார்க்கும் பொறுமை வாய்ப்பதில்லை. நானும் 2019இல் பன்னிரண்டு சிறுகதைகளைத் தொகுத்து, என் செலவிலேயே முந்நூறு பிரதிகள் அச்சிட்டேன். இப்போது இரண்டாம் தொகுதி எழுதி முடிந்திருக்கிறது. இதனையும் அவ்வாறே வெளியிடுவதா என்பதே வினா.

சொந்தப் பதிப்பு என்றாலே, பதிப்பகத்தார் ஒதுக்கிய சரக்கு என்று முகம் சுளிப்போர் உளர். நம் பதிப்பு வரலாறு அதற்கு இடந்தராது. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் அன்பர்களிடம் கையொப்பம் சேர்த்தே அச்சுச் செலவைச் சமாளித்தார். பாரதியார் 1908இல் ‘ஸ்வதேச கீதங்க’ளைத் தாமே வெளியிட்டார். 1920இல் தம் எழுத்துகளை நாற்பது தொகுதிகளாகக் கொணரத் திட்டமிட்டு அன்பர்களிடம் பொருளுதவி வேண்டினார். அத்திட்டம் நிறைவேறவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். ‘எழுத்து’ நடத்திய சி. சு. செல்லப்பா நூல்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். அவர் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டது 1997இல். எண்பத்தைந்தை எட்டும் முதுமையில். 2001ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது அந்நாவலுக்குக் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

இப்பெரியோரை வரிசையாக நிறுத்தி என் பன்னிரண்டு கதைகளுக்கு நியாயம் தேடுவது பொருந்தாது என்பதை அறிவேன். ஐயரவர்களின் ஏடுகள் அச்சுக்குப் போகுமுன் பல ஆண்டுகள் ஒப்புநோக்கப்பெற்றவை. நம் கதைகளை ஒப்புநோக்க ஏது ஏடு?

அரசு ஊழியர்க்கு முதலில் எழும் ஐயம் விதிகளைப் பற்றியது. 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, எப்போதேனும் செய்யும் இலக்கியப் பணிக்கு முன் அனுமதி வேண்டுவதில்லை, வியாபாரத்திற்கு வேண்டும். கதை எழுதுவது இலக்கியம், சரி. அதைக் கட்டுக்கட்டாக வீட்டில் அடுக்கி விற்பது எதில் சேரும்? எங்கள் பிரிவில் இதைப் பற்றி இரண்டு நாள் விவாதம் நடந்தது. வம்பெதற்கு என்று எழுத்து மூலம் அனுமதி கேட்டுப் பெற்றுக்கொண்டேன். ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் முகமை கட்டணமின்றியே வழங்குகிறது.

அச்சிட்டது நாராயணாவில் ஓர் அச்சகத்தில். அங்கே தமிழறிந்தவர் ஒருவருமில்லை. நான் கணினியில் தட்டச்சு செய்து கொடுத்த பக்கங்கள் அவர்களுடைய பழைய மென்பொருளில் ஏறியவுடன், கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தனித்தனியே நின்றன. நூற்று அறுபது பக்கங்களை, அதாவது பத்துப் பாரங்களை, மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன். பிழை திருத்துபவனும் நானே, உதவிக்கு நிற்பவனும் நானே. ஆனால் எழுத்தின் அளவு, அட்டையின் நிறம், எந்தக் கதை முதலில் வரவேண்டும் என்பன எல்லாம் என் விருப்பப்படியே அமைந்தன. அந்த இன்பத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பதிப்புரிமையும் என்னிடமே இருக்கிறது. பிறரோடு ஒப்பந்தம் செய்வோர் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துக்கொள்வது நல்லது. உரிமை மாற்றத்திற்குக் கால அளவு குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு என்றே அச்சட்டம் கொள்கிறது. ஆசிரியரிடமே பணம் பெற்றுக்கொண்டு தம் பெயரில் நூல் போடும் நிறுவனங்களும் இக்காலத்தில் உண்டு. அதில் செலவு நம்முடையது, அதிகாரம் அவர்களுடையது.

செலவு ரூ. 34,000. அவ்வாண்டு போனஸ் ரூ. 6,908. மிகுதியைத் தீபாவளிக்கு ஊருக்குப் போக வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்தோம். “புஸ்தகம் வரட்டும், ஊருக்கு அடுத்த வருஷம் போய்க்கலாம்” என்று சொன்னவள் என் மனைவியே. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்தது, ரயில்கள் நின்றன. கும்பகோணத்தில் என் தாயார் அஞ்சலில் வந்த நூலைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை படித்ததாகத் தொலைபேசியில் சொன்னார். அவரை நான் நேரில் கண்டது 2021இன் இறுதியில். வரவு செலவுக் குறிப்பில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

பிரதிகள் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, பம்பாய் மத்திய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றுக்கு நான்கு. அன்பளிப்பாக எழுபத்தாறு. சென்னைக் கடையொன்றுக்கு நாற்பது. கணக்கு இன்னும் வரவில்லை. நானே விற்றவை நூற்று முப்பது. எஞ்சிய ஐம்பது கட்டிலுக்கடியில் இருக்கின்றன.

அந்த நூற்று முப்பதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. வாங்கிய ஒவ்வொருவரையும் எனக்கு முகம் தெரியும். சங்க நிகழ்ச்சிகளிலும் குடியிருப்பிலும் என்மீதுள்ள அன்பால் வாங்கியவர்கள். அண்டை வீட்டு அன்பர் தம் இரு புதல்வர்க்கும் ஆளுக்கொன்றாக இரண்டு பிரதிகள் வாங்கினார். அப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்க அறியார். மூத்தவன் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “அங்கிள், நீங்களே கதையைச் சொல்லிடுங்களேன்” என்றான். சொன்னேன், நன்றாகவே கேட்டான். ஆனால் நூல் விற்றது வேறு, படிக்கப்பட்டது வேறு என்பதை அன்று கண்டேன். வாங்கியவர் எவரும் குறையென்று ஒரு சொல் சொல்லவில்லை. முகம் பார்த்து விற்றவனிடம் எவர் சொல்வார்?

நண்பரொருவர் திருநெல்வேலி நூலகமொன்றுக்கு என் நூலைக் கொடுத்திருந்தார். அங்கே அதை எடுத்துப் படித்த, முன்பின் அறியாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதினார். மூன்றாம் கதை இரண்டு பக்கம் முன்பே முடிந்துவிட்டதென்றும், தில்லிக் குளிரைப் பற்றி ஒரே வருணனை ஐந்து கதைகளில் வருகிறதென்றும் பக்க எண்ணோடு காட்டியிருந்தார். எல்லாவற்றையும் நான் ஒப்பவில்லை. ஆயினும் அது அச்சேறுமுன் வந்திருக்க வேண்டிய கடிதம். நல்ல பதிப்பகம் தருவது காகிதமும் மையும் அன்று; நம்மை அறியாத ஒருவரின் கண்ணும், நம்மை அறியாத வாசகரிடம் செல்லும் வழியும்தான். இரண்டாவதை நாம் விலைக்கு வாங்க இயலாது. முதலாவதைத் தேடிக்கொள்ளலாம்.

ஆகவே இரண்டாம் தொகுதியையும் நானே வெளியிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன், வேறு முறையில். வேண்டும்போது வேண்டிய அளவு அச்சிடும் வசதி இன்று இருப்பதால், பிரதியொன்றுக்குச் செலவு கூடினாலும் முதலில் ஐம்பது போதும். பிள்ளைகளுக்காக நான்கு கதைகளை என் குரலில் பதிவு செய்யவும் எண்ணம். கையெழுத்துப் பிரதி திருநெல்வேலி ஆசிரியரிடம் போயிருக்கிறது, தயவு தாட்சணியமின்றிச் சிவப்பு மையைப் பயன்படுத்தும்படி வேண்டுகோளோடு. காகித விலை இன்னும் விசாரிக்கவில்லை. ஊருக்குப் பயணச் சீட்டு எடுத்த பிறகே அதைப் பற்றிப் பேசலாம் என்று வீட்டில் உத்தரவு.