வழிப்போக்கருக்கு ஒரு வாய் அன்னம்

குருக்ஷேத்திரத்தில் பிதுர்க்கடன் செலுத்திவிட்டுத் தில்லிக்குத் திரும்பும் தென்னாட்டு யாத்ரிகர்கள் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தூரம் பயணம் செய்யவேண்டும். கர்னால், பானிப்பட் நகரங்களைக் கடந்து வரும் அந்த நெடுஞ்சாலையில், தில்லிக்கு ஐம்பது கிலோமீட்டர் முன்பாக முர்தல் என்ற ஊர் வருகிறது. ஹரியானா மாநிலத்தின் சோனிபத் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் லாரி ஓட்டுநர்கள் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, குறுக்கே போட்ட பலகையின்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்ட பஞ்சாபி தாபாக்கள் இங்கே இன்று வரிசையாக நிற்கின்றன. சில, குளிரூட்டப்பட்ட பெரிய மண்டபங்களாகிவிட்டன. சாலையை விட்டுச் சற்றே உள்ளடங்கிய சிறு கடைகளில் மட்டும் பழைய கட்டில்களும், வாசலில் மண்ணால் ஆன தந்தூர் அடுப்பும் எஞ்சியிருக்கின்றன.

அத்தகைய சிறு கடை ஒன்றின் முன், ஓர் அமாவாசை நாளின் பிற்பகல் மூன்று மணிக்கு, மதுரையிலிருந்து வந்த குடும்பத்தின் வண்டி நின்றது. எழுபத்தெட்டு வயது மூதாட்டி, அவருடைய மகன், மருமகள், பேத்தி என நால்வர்.

காலையில் ஜோதிசரில், கண்ணன் கீதை உரைத்த இடமென்று போற்றப்படும் ஆலமரத்தடியை வணங்கியிருந்தனர். பின்னர் சந்நிஹித சரோவரில் மகன் தந்தைக்குத் தர்ப்பணம் செய்தார். அமாவாசையன்று சகல தீர்த்தங்களும் அந்தக் குளத்தில் வந்து கூடுகின்றன என்பது ஐதிகம். 'சந்நிஹிதம்' என்னும் பெயரே அதைத்தான் குறிக்கிறது என்பர். கணவர் மறைந்த நாள் முதல் ஆலயப் பிரசாதம் தவிர வெளியே சமைத்த எதையும் உண்பதில்லை என்பது மூதாட்டியின் நியமம். ஊரிலிருந்து கட்டி வந்த புளியோதரை முந்தைய நாளே தீர்ந்துவிட்டது. வாங்கிய வாழைப்பழங்களும் காலையோடு முடிந்தன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் உடம்பு. வண்டியிலிருந்து இறங்கும்போது அவருடைய கை நடுங்கியது.

"அம்மா, ஆபத்துக் காலத்தில் நியமத்தைத் தளர்த்துவது பாவமில்லை" என்றார் மகன்.

"வெங்காயம், பூண்டு வெட்டிய கத்தியும் அதே வாணலியும்தானே? இன்றைக்கா?" என்று கேட்டார் தாய். தர்ப்பணம் செய்த நாளில் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

கல்லாவில் இருந்த அறுபது வயதுக்காரர் இதைக் கவனித்துவிட்டு எழுந்து வந்தார். மொழி தெரியாவிட்டாலும் நடுங்கும் கை அவருக்குச் செய்தி சொல்லியிருக்கும். இந்தி அறிந்த பேத்தி விவரம் சொன்னாள். "பினா ப்யாஸ், பினா லஹ்சுன்" என்று அவள் முடிப்பதற்குள் அவர் தலையசைத்தார். வடநாட்டில் இது புதிய வேண்டுகோள் அன்று. வெங்காயம், பூண்டு விலக்குவோர் அங்கும் ஏராளம். நவராத்திரி நாட்களில் இதே சாலையில் விரதக்காரர்களுக்கென்று கோதுமையை விலக்கி, குட்டு என்னும் தானிய மாவில் பூரியும், இந்துப்பு சேர்த்த கறியும் செய்து தருகிறார்கள். முர்தலின் பெரும்பாலான தாபாக்களில் அசைவம் கிடையாது.

பையன் ஒருவன் தோசைக்கல் போன்ற தவாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினான். தனிப் பாத்திரத்தில் பாசிப்பருப்பு வெந்தது. நெய்யில் சீரகம் மட்டும் தாளித்தார்கள். எண்ணெய் தடவாத மெல்லிய புல்கா இரண்டு, ஒரு கிண்ணம் எருமைத் தயிர், ஓரமாகச் சிறிது வெள்ளை வெண்ணெய். மூதாட்டி முதலில் அந்த வெண்ணெயைத்தான் பார்த்தார். காலையில் எந்தக் கண்ணனை வணங்கினாரோ, அவனுக்கு உகந்த பொருள் தட்டில் இருந்தது. கண்ணை மூடி ஒரு கணம் நிவேதித்துவிட்டு உண்டார். கை நடுக்கம் மெல்ல அடங்கியது. மகன் அதுவரை தம் தட்டைத் தொடவில்லை.

உணவு முடிந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. மாதாஜியின் சாப்பாட்டுக்குப் பணம் வேண்டாம் என்றார் கடைக்காரர். மூதாட்டி மறுத்தார். "கடன் தீர்க்க வந்த நாளில் புதிதாகக் கடன் வைத்துக்கொள்ளலாமா, தம்பி?" பேத்தி இதை மொழிபெயர்த்ததும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பணத்தை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் வைத்தார்.

அதன் பின்னரே தம் கதையைச் சொன்னார். 1947 பிரிவினையில் அவருடைய பாட்டனார் மேற்குப் பஞ்சாபிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். முதலில் தங்கிய இடம் குருக்ஷேத்திர அகதி முகாம். அந்நாளில் நாட்டிலேயே பெரிய முகாம் அது. அங்கே ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் தங்கியிருந்தனர். நாள்தோறும் டன் கணக்கில் மாவும் பருப்பும் வழங்கப்பட்டன. பாரதப் போர் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் மண், நம் காலத்தில் பசித்தவருக்கு ரொட்டி கொடுத்த மண்ணாயிற்று. முகாமிலிருந்து வெளியேறிய பல குடும்பங்கள் இச்சாலை ஓரங்களில் அடுப்பு மூட்டின. கைவசம் இருந்த தொழில் அதுவே. "மாதக்கணக்கில் பிறர் மாவைத் தின்றோம். அதனால் பசித்து வருபவரைத் திருப்பி அனுப்பாதே என்பது பாட்டனார் வாக்கு" என்றார்.

பஞ்சாபியர் அறிந்த பழைய வரலாறு ஒன்று உண்டு. இளம் வயதில் குரு நானக்கிடம் தந்தை இருபது ரூபாய் கொடுத்து, லாபகரமாக வியாபாரம் செய்து வரும்படி அனுப்பினாராம். வழியில் பசித்திருந்த சாதுக்களுக்கு அந்தப் பணம் முழுவதையும் செலவிட்டு உணவளித்துவிட்டு, இதுவே உண்மையான வியாபாரம் என்றாராம் நானக். தாபாவில் விலை உண்டு, கணக்கு உண்டு. ஆயினும் அடுப்பின் அருகே அந்த நினைவும் இருக்கிறது.

நமக்கும் இது புதிதன்று. காசியிலிருந்து இராமேசுவரம் செல்லும் வடநாட்டு யாத்ரிகர்களுக்குத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி காலத்து முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அன்று அவர்கள் நம் சாலையில் உண்டார்கள். இன்று நாம் அவர்கள் சாலையில் உண்கிறோம்.

இவ்வழி செல்லும் மூத்தோர் சில குறிப்புகளை மனத்தில் கொள்ளலாம். ஆர்டர் கொடுக்கும் முன்பே வெங்காயம், பூண்டு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். 'ஜைன்' என்று கேட்டால் உருளைக்கிழங்கும் நீங்கிவிடும். வெண்ணெய் மிதக்கும் பரோட்டா ஒன்றை இருவர் பகிர்வது நலம். முழு உளுந்தும் ராஜ்மாவும் சேர்ந்த தால் மக்கனி எளிதில் செரிக்காது. பாசிப்பருப்பே வயோதிகர்களுக்கு ஏற்றது. குளிர்காலத்தில் சென்றால் கடுகுக்கீரையும் மக்காச்சோள ரொட்டியும் கிடைக்கும்.

புறப்படும்போது கடைக்காரர் ஒன்று கேட்டார். மதுரையிலிருந்து இராமேசுவரம் எவ்வளவு தூரம்? தம் பாட்டிக்கு அங்கே தீர்த்தமாட வேண்டுமென்ற ஆசை கடைசிவரை நிறைவேறவில்லையாம்.

வாசலில் ஓடும் சாலையைக் காட்டினார் மகன். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை செல்லும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. மதுரை வழியாகத்தான் போகிறது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் மூன்று, நான்கு மணி நேரத்தில் இராமநாதசுவாமி சந்நிதி.

"பாட்டிக்காக நீ வா, தம்பி. எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்றார் மூதாட்டி. பேத்தி மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே அவர் கைகூப்பிவிட்டார்.