வறுமை யாரையும் உருவாக்குவதில்லை

 

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பாடகியின் படம் வந்தது. கீழே "வறுமைதான் சாதனையாளர்களை உருவாக்குகிறது" என்று ஒரு வரி. பத்துப் பதினைந்து பேர் கைகூப்பி வைத்திருந்தீர்கள். படத்தில் இருந்தவர் ஷனாயா ட்வைன். என் மகள் கல்லூரியில் படித்த நாட்களிலிருந்து எங்கள் வீட்டில் ஒலிக்கிற குரல். அவர் கதையும் எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வரியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே டிம்மின்ஸ் என்று ஒரு சுரங்க ஊர். 1965-இல் பிறந்த ஐலீன் என்ற பெண் வளர்ந்தது அங்கேதான். ஷனாயா என்பது பிற்பாடு வைத்துக்கொண்ட பெயர். வளர்ப்புத் தந்தை ஜெர்ரி ட்வைன், ஓஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். வீட்டில் ஐந்து பிள்ளைகள். பல நாள் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் குடும்பத்தைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்து, அந்தக் குழந்தை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எட்டு வயதில் மதுக்கூடங்களில் பாட ஆரம்பித்தாள். இரவு 12 மணிக்கு விற்பனை முடிந்த பிறகு, மிச்சம் உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரு மணி வரை பாடினால் 20 டாலர் போலக் கிடைக்கும். வீட்டுச் செலவுக்கு அது உதவும். அந்த இடங்கள் தனக்குப் பிடிக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பத்து வயதில் சொந்தமாகப் பாட்டு எழுதத் தொடங்கினார். 1983-இல் பள்ளிப் படிப்பை முடித்தார்.

1987-இல் பெற்றோர் இருவரும் கார் விபத்தில் போய்விட்டார்கள். அவருக்கு அப்போது 22 வயது. டொரன்டோவில் பாட்டு, மேடை என்று முயன்றுகொண்டிருந்தவர், ஊருக்குத் திரும்பித் தம்பி தங்கைகளைப் பொறுப்பேற்றார். அவர்களோடு ஹன்ட்ஸ்வில் என்ற ஊருக்குப் போய், டீர்ஹர்ஸ்ட் என்ற சுற்றுலா விடுதியில் பாடிச் சம்பாதித்தார். அவர்கள் தலையெடுத்துத் தனியே போன பிறகுதான் தன் பாட்டைப் பற்றி மறுபடி யோசித்தார்.

இங்கே ஒருவரைச் சொல்லியாக வேண்டும். மேரி பெய்லி என்ற கனடியப் பாடகி. அந்த விடுதியில் வேலை கிடைக்கக் காரணமாக இருந்தவர். பிறகு மேலாளராக இருந்து, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கு வழிகாட்டியவரும் அவரே. நம் குழுவில் வந்த படத்தில் இந்தப் பெயர் இல்லை.

கன்ட்ரி என்றால் அமெரிக்கக் கிராமப்புறத்தில் கிட்டாரும் ஃபிடிலுமாக வளர்ந்த இசை. 1993-இல் வந்த முதல் ஆல்பம், கன்ட்ரி பட்டியலில் 67-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அதில் அவர் பங்கெடுத்து எழுதிய பாட்டு ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பிறர் எழுதிக் கொடுத்தது. பிறகு ராக் இசைத் தயாரிப்பாளர் மட் லேங்கைச் சந்தித்தார், மணந்தார், இருவருமாக உட்கார்ந்து எழுதினார்கள். அவரை அவர் சொந்த வார்த்தையில் பாடவிட்டதும் 1995-இல் கதையே மாறிற்று. 1997-இல் வந்த 'கம் ஆன் ஓவர்' உலகம் முழுக்க சுமார் 4 கோடி பிரதிகள் விற்றது. இது கன்ட்ரியா பாப்பா என்று விமர்சகர்கள் சண்டை போட்டார்கள், ஜனங்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2002-இல் வந்த அடுத்த ஆல்பத்தை கன்ட்ரி, பாப், இந்திய இசைச் சாயல் என்று மூன்று வடிவத்தில் வெளியிட்டார்.

அதற்குப் பிறகு குரலே போயிற்று. உண்ணி கடித்து வந்த லைம் நோய் தொண்டை நரம்புகளைப் பாதித்தது. அடுத்த புதிய ஆல்பத்துக்கு 2017 வரை 15 வருடம். தொண்டையில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டு, இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள் கண்ணுகளா, இவரை உருவாக்கியது பசியா? இருந்த திறமையைப் பசி தாமதப்படுத்தியது, அவ்வளவுதான். தூக்கிவிட்டது வேறு: மகளின் குரலை நம்பிய ஒரு தாய், சரியான நேரத்தில் வேலை வாங்கிக் கொடுத்த ஒரு பெண், "நீயே எழுது" என்று இடம் கொடுத்த ஒருவர். பசிதான் ஆளாக்கும் என்று அவரே நம்பியிருந்தால், 2010-இல் 'ஷனாயா கிட்ஸ் கேன்' என்ற அறக்கட்டளையை எதற்குத் தொடங்கினார்? தன்னைப் போல வீட்டுக் கஷ்டத்தோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவத்தானே!

சத்துணவு முட்டையில் பாதியைக் காகிதத்தில் சுற்றித் தம்பிக்கு எடுத்துப் போன மூத்த பெண்களை நான் வகுப்புக்கு ஒருத்தியாவது பார்த்திருக்கிறேன். நன்றாகப் படித்தவர்கள். பாதியில் நின்று, தம்பி தங்கைகளைக் கரையேற்றினார்கள். யாரும் அவர்கள் படத்தைப் போட்டு வரி எழுதவில்லை. அவர்களிடம் திறமை குறைவாக இருந்ததில்லை, ஒரு மேரி பெய்லிதான் வரவில்லை.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பீரியடில் தூங்கி விழும் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, "ராத்திரி எப்ப படுத்தே, காலைல என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். உடனே சொல்ல மாட்டார்கள், மறுபடி கேளுங்கள். சொந்தங்களுக்கும் ஒன்று: வீட்டு மூத்த பெண்ணை "பொறுப்பானவள்" என்று புகழ்வதோடு நிறுத்தாதீர்கள். அவளுக்கு என்ன ஆசை என்றும் கேட்டு வையுங்கள்.

மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்