ஒன்றரை மாச ஊசி

கைக்குழந்தைக்கு ஒன்றரை மாச ஊசின்னா வீட்டுல பட்டிமன்றம் நிச்சயம். எங்க வீட்டுத் தலைப்பு: காய்ச்சல் மருந்தை ஊசிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே கொடுக்கலாமா, காய்ச்சல் வந்தப்புறம் கொடுக்கலாமா? முன்னாடியே கட்சிக்கு எங்கம்மா. "பச்ச மண்ணுடா... ரெண்டு சொட்டு ஊத்திட்டுக் கூட்டிட்டுப் போயேன்." எதிரணியில தங்கமணி. நடுவர் அடியேன். (ரெண்டு பேர் கையாலயும் சாப்பிடணுமே!)

அம்மா பக்கமும் நியாயம் இருக்கு. அரசு ஆஸ்பத்திரியில போடுற பென்டாவேலன்ட் ஊசியில, கக்குவான் இருமலுக்கான பகுதி கிருமியை முழுசாக் கொன்னு செய்யறது. அதனால காய்ச்சல், தொடை வீக்கம், விடாத அழுகை எல்லாம் சகஜம். பெரும்பாலும் ரெண்டு நாள்ல அடங்கிடும்.

தங்கமணி கையில இருந்தது செக் குடியரசு ஆய்வு. 2009ல 'லான்செட்'ல வந்தது. 459 குழந்தைகள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசி போட்ட முதல் 24 மணி நேரத்துல மூணு வேளை பாராசிட்டமால், காய்ச்சல் இருக்கோ இல்லையோ. மீதிப் பேருக்குக் கிடையாது. மருந்து குடிச்ச பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் குறைஞ்சுது, வாஸ்தவம். ஆனா பல தடுப்பூசிகளுக்கு உடம்புல உண்டாகுற எதிர்ப்புப் பொருளும் சேர்ந்து குறைஞ்சுது. ஊசியே வீணாப் போச்சுன்னு அர்த்தமில்லீங்க. வராத காய்ச்சலுக்கு எதுக்கு மருந்துங்கறதுதான் கேள்வி.

எல்லா ஊசிக்கும் இதே கதையான்னா, இல்லை. இங்கிலாந்துல 2015ல மெனிங்கோகாக்கஸ் பி ஊசியைக் கைக்குழந்தைகளுக்குக் கொண்டு வந்தப்ப, காய்ச்சலுக்குக் காத்திருக்காம பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னாங்க. அந்த ஊசிக்குக் காய்ச்சல் ரொம்ப அடிக்கும். மருந்தால அதோட பலன் குறையலைன்னும் பாத்திருந்தாங்க. இதைக் கேட்டதும் எங்கம்மா முகத்துல ஒரு வெற்றிப் புன்னகை வந்துச்சே!

ஆனா நம்ம பிள்ளைக்குப் போடுறது அது இல்லையே. டாக்டரும் நர்ஸம்மாவும் சொன்னபடி, வந்தா மட்டும் கொடுக்கறதுன்னு தீர்ப்பு.

ராத்திரி பத்து மணிக்கு 101. வீல்னு கத்தறான். அம்மா புது பாட்டிலைத் திறந்து, "உங்கக்கா ரெண்டு மில்லி கொடுப்பாடா"ன்னு ஊத்தப் போக, தங்கமணி சட்டுனு கையைப் பிடிச்சுட்டா.

அக்கா வீட்டுல இருந்தது சிரப். 5 மில்லியில 125 மில்லிகிராம். அப்போ ரெண்டு மில்லின்னா 50. எங்க கையில இருந்தது டிராப்ஸ். 1 மில்லியிலயே 100 மில்லிகிராம்! ரெண்டு மில்லி ஊத்தியிருந்தா 200. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10லேர்ந்து 15 மில்லிகிராம்தான் கணக்கு. பையன் நாலரைக் கிலோ. டாக்டர் சீட்டுலயும் அரை மில்லின்னுதான் இருந்துச்சு. அளவு எகிறினா அடி வாங்கறது பிஞ்சு ஈரல். முன்னாடியா பின்னாடியான்னு அவ்வளவு நேரம் வாதாடின மூணு பேரும் பாட்டில் மேல இருந்த எழுத்தை அப்பதான் படிச்சோம்.

அரை மில்லி கொடுத்தோம். அம்மா ஒண்ணும் பேசாம தினசரி காலண்டர்ல நேரத்தைக் குறிச்சு வெச்சாங்க: 10.20, அரை. அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரமாவது ஆகணும்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முழிச்சுட்டிருந்தாங்க. விடிகாலையில தொட்டுப் பாத்தா உடம்பு ஜில்லுனு இருந்துச்சு. ரெண்டாவது வேளை தேவைப்படலை.