ரோவில் வீதிகளில் பழைய கையும் புதிய இயந்திரமும்

மெல்பேண் நகர மையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது ரோவில். ஸ்ரட் வீதி, வெலிங்டன் வீதி என்னும் இரண்டு பெரிய வீதிகள் இங்கே சந்திக்கின்றன. ரயில் இல்லை. 1969ஆம் ஆண்டின் போக்குவரத்துத் திட்டத்திலேயே ரோவிலுக்குப் பாதை கீறினார்கள். தண்டவாளம் இன்னும் வந்து சேரவில்லை. ஸ்ரட் பார்க் கடைத்தொகுதியிலிருந்து 900ஆம் இலக்க பஸ் மொனாஷ் பல்கலைக்கழகம் வழியாகக் கோல்பீல்டுக்குப் போகிறது. ஆனால் விடியற்காலை வேலைக்குப் போகும் எம்மவருக்கு அது போதுமானதல்ல. ஆகவே இங்கு புதிதாக வரும் குடும்பம் கட்டிலுக்கும் மேசைக்கும் முன்னர் வாங்குவது ஒரு பழைய கார்தான்.

கார் வந்தால் கார்க்கதையும் வரும். பிறந்தநாள் வீடென்றாலும் கோயில் அன்னதானமென்றாலும் எம்மவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "அந்தக் கால வாகனம் போல வருமா? ஒரு சாவியும் ஒரு சுத்தியலும் இருந்தால் காணும்" என்பார் வயதில் மூத்த அண்ணை. "அண்ணை, இப்ப எல்லாம் கம்பியூட்டர்" என்பான் இங்கு படிக்கும் தம்பி. இந்த வழக்கைத் தீர்த்துவைக்க ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்ப்பதே நல்லது என்பது எமது எண்ணம். குடும்பக் கார் தேவைக்குச் செய்யப்படுவது. ஸ்போர்ட்ஸ் கார் ஆசைக்குச் செய்யப்படுவது. பழைய முறை எங்கே நிற்கவேண்டும், புதிய பொறியியல் எங்கே வரவேண்டும் என்ற சண்டை அதில்தான் வெளிச்சமாகத் தெரிகிறது. நல்லகாலம், அதைப் பார்ப்பதற்கு நாம் தூரம் போகத் தேவையில்லை.

மண்ணெண்ணெய் குடித்த கார்கள்

முதலில் எமது மூத்தவர்களின் கட்சிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் காண்பதே அரிதாயிற்று. அப்போது வீதியில் ஓடியவை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஏ40உம் மொறிஸ் மைனரும் ஆகும். சிறு போத்தலில் கவனமாக வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை தள்ளும், மணக்கும், ஆனால் ஓடும். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவையும் அவையே.

அது ஏன் முடிந்தது? அந்த எஞ்சின்கள் எரிபொருளைக் குறைவாகவே அமுக்கின. அதனால் தரம் குறைந்த எண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. இன்றைய எஞ்சின் அதிக அமுக்கத்தில், கணினி அளந்து கொடுக்கும் துளியில் எரிகிறது. மண்ணெண்ணெயை ஊற்றினால் அன்றோடு சரி. எளிமையான பொருளைக் கையால் பழுதுபார்க்கலாம் என்பதே பழைய முறையின் பலம். அதை எவரும் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

படகும் காரும் ஒரே பொருள்

ரோவிலுக்குப் பக்கத்து ஊர் ஸ்கோர்ஸ்பி. அங்கே கரீபியன் கார்டன்ஸ் என்ற பெரிய சந்தை இருந்தது, 2020இல் மூடப்பட்டது. அதன் நடுவிலிருந்த ஏரி, அவ்விடத்தில் செய்யப்பட்ட கரீபியன் என்னும் பைபர்கிளாஸ் படகுகளை விட்டுப் பார்ப்பதற்காக உண்டானது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்த எம்மவருக்குப் பைபர் வள்ளத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சுக்கு மெழுகு பூசி, கண்ணாடிநார்ப் பாயை விரித்து, பசையை ஊற்றி, காற்றுக் குமிழி நிற்காதபடி உருளையால் உருட்ட வேண்டும். மணம் தலையைச் சுற்றவைக்கும். கையில் அரிப்பு இரண்டு நாள் நிற்கும்.

மெல்பேணின் பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரும் இதே முறையில்தான் பிறந்தது. தகட்டில் கார் செய்வதென்றால் பாரிய அச்சியந்திரங்கள் வேண்டும். பெரும் கம்பனிகளுக்கே அது கட்டும். பைபரில் என்றால் ஒரு கொட்டகையும் சில நல்ல கைகளும் போதும். போல்வெல் என்ற சகோதரர்கள் மெல்பேணின் தென்கிழக்குப் பக்கத்தில் 1960களில் இதைச் செய்தார்கள். அவர்களின் மார்க் 7 என்னும் கார் பெரும்பாலும் பாகங்களாக விற்கப்பட்டது. வாங்கியவரே வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டவேண்டும்.

சகோதரர்களில் ஒருவரான கிரேம் போல்வெல் 1966இல் இங்கிலாந்து சென்று லோட்டஸ் நிறுவனத்தில் வேலை செய்தார். லோட்டஸ் 1962இல் வெளியிட்ட எலான் காரில், மீனின் நடுமுள்ளைப்போல ஒரே உருக்குத் தண்டு நடுவில் ஓடும். அதன்மேல் பைபர் உடல் இருக்கும். எடை குறைவு, உறுதி அதிகம். இந்த அறிவு அவருடன் திரும்பி வந்தது. 1970இல் நாகரி என்ற கார் வெளியாயிற்று. தேவநாகரி எழுத்தை நினைக்கவேண்டாம். ஆதிக்குடிகளின் மொழியொன்றில் அது ஓடிப்பாய்வதைக் குறிக்கும் சொல்லாம். அதன் எடை ஒரு தொன்னுக்கும் குறைவு, ஆனால் உள்ளே இருந்தது போர்ட் நிறுவனத்தின் ஐந்து லீற்றர் வீ-8 எஞ்சின். உள்ளூர்க் கைவேலையும் வெளியூர்ப் பொறியியலும் ஒரே காரில் சேர்ந்தன. 1974 வரை நூற்றுச் சொச்சம் கார்களே செய்யப்பட்டன.

ஏன் நின்றது? பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் அக்காலத்தில் இறுகின. ஒவ்வொரு விதிக்கும் சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் செலவு. சிறிய பட்டறைகள் தாங்கவில்லை. இதைக் கேட்டதும் மூத்தவர் கட்சி, "பார்த்தீரா, சட்டம் வந்து கைத்தொழிலைக் கொன்றது" என்று எழும்பும். சற்றுப் பொறுப்போம். அதே 1970ஆம் ஆண்டில்தான் விக்ரோறியா மாநிலம், உலகிலேயே முதன்முதலாக, காரில் ஆசனப்பட்டி அணிவதைச் சட்டமாக்கியது. வீதிகளில் அவ்வளவு பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஒஸ்ரின் மோதினால் கார் நெளியாது, உள்ளே இருப்பவர் நெளிவார். இன்றைய காரின் முன்பகுதி நொறுங்குவதற்கென்றே கட்டப்பட்டது. அது நொறுங்கி அடியை வாங்கிக்கொள்வதால் மனிதர் தப்புகிறார்.

போல்வெல் நிறுவனம் அத்தோடு அழிந்துவிடவில்லை. கையில் இருந்த பைபர் வித்தையை லொறிப் பாகங்கள் செய்வதற்குத் திருப்பியது. 2008இல் புதிய நாகரி ஒன்றை மெல்பேண் மோட்டார் கண்காட்சியில் வைத்தது. நடுவில் ரொயோட்டா எஞ்சின், காபன் நார் கலந்த உடல். காபன் நார் என்றதும் மலைக்கவேண்டாம். துணியை அச்சில் விரித்துப் பசையூட்டுவதுதான் அதுவும். காற்றை உறிஞ்சி, சூட்டில் இறுக்குவது மட்டும் புதிது. அந்தத் துணியை மடிப்பு விழாமல் விரிப்பது பல இடங்களில் இன்றும் மனிதக் கையே. நாம் வேலை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரக் கை வந்து சில காலமாயிற்று. ஆனால் முடிந்த பாகம் வழுவழுப்பாக இருக்கிறதா என்று கடைசியில் உள்ளங்கையால் தடவியே பார்க்கிறோம்.

மரமும் அலுமினியமும்

இங்கிலாந்தில் மோர்கன் என்ற நிறுவனம் 1909இல் தொடங்கியது. அதன் கார்களின் உடற்சட்டத்தை ஆஷ் என்ற மரத்தில் தச்சர்கள் இழைத்துச் செய்கிறார்கள். எமது ஊரில் லொறிக்கு மரத்தில் பொடி கட்டியது போலத்தான். ஆனால் அடிச்சட்டத்தைப் பாருங்கள்: நெடுங்காலம் இருந்த உருக்குச் சட்டத்தை 2020உடன் நிறுத்திவிட்டு, பசையால் ஒட்டிய அலுமினியத்துக்கு மாறிவிட்டார்கள். 2019இல் வந்த பிளஸ் சிக்ஸ் காரில் இருப்பது ஜேர்மன் பி.எம்.டபிள்யூ எஞ்சின். அழகும் கைத்திறனும் இருக்கும் இடத்தில் மரபை வைத்துக்கொண்டார்கள். உறுதியும் உயிரும் தங்கியிருக்கும் இடத்தில் புதியதை ஏற்றார்கள். எமது அண்ணை தம்பி வழக்கிற்கு இதைவிட நல்ல தீர்ப்பு உண்டோ?

எமக்கு இதில் என்ன

பிள்ளைகளுக்கு முதலில் ஒரு சொல். வெலிங்டன் வீதி மலைப்பக்கம் ஏறும்போது வளைவுகள் ஆசை காட்டும். விக்ரோறியாவில் பீ தகடு உள்ளவர், தொன்னுக்கு 130 கிலோவாற்றுக்கு மேல் வலுவுள்ள காரையோ, வேகத்துக்காக எஞ்சின் மாற்றிய காரையோ ஓட்டக்கூடாது. பெரிய மாற்றங்களுக்கு அனுமதிபெற்ற பொறியியலாளரின் சான்றிதழ் வேண்டும். "மாமா ஸ்பிரிங்கை வெட்டிப் பதித்துத் தருவார்" என்பது பழைய முறையல்ல, ஆபத்தான முறை. பெற்றோரும் பிள்ளையின் கார் என்ன வகை என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்து மூத்தவர்களுக்கு. ஊரில் எஞ்சின் இறக்கி ஏற்றிய கைகள் பல, டண்டினோங் பக்கத்தில் பெட்டி மடிக்கின்றன. வேலையில் இழிவில்லை. ஆனால் வித்தை துருப்பிடிக்கிறது. அரச தொழிற்கல்லூரிகளில், முன்பே அறிந்த தொழிலைச் சோதித்து அங்கீகரிக்கும் வழி உண்டு. போய்க் கேளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். மின்கலத்தில் ஓடும் கார்கள் பெருகிவரும் காலம் இது; காபரேற்றர் தெரிந்தவரும் புதிதாகச் சிலவற்றைப் படிக்கத்தான் வேண்டும்.

ஞாயிறு காலையில் பேசின் விநாயகர் கோயிலுக்குப் போகிறவர்கள் சற்று முந்திப் புறப்படுங்கள். டண்டினோங் மலைப்பாதையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாக ஏறுவதைக் காணலாம். காசு தேவையில்லை. எங்காவது தேநீருக்கு நிறுத்தியிருந்தால் பக்கத்தில் போய் விசாரியுங்கள். பெருமையோடு மூடியைத் திறந்து காட்டுவார்கள். அப்போது காபரேற்றரைப் பிள்ளைக்குக் காட்டி, அது எப்படி மண்ணெண்ணெயில் ஓடியது என்பதையும் சொல்லுங்கள்.