முன்சக்கரம்

மாமாவின் ராஜ்தூத் 350க்குப் புதிய வண்டி ஒன்றின் முன் ஃபோர்க்கைப் பொருத்தியதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து, இது இலக்கியப் பத்திரிகைக்கான விஷயமா என்ற கூச்சத்தில் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். இப்போது கூச்சம் போய்விட்டது. காரணம் கட்டுரையின் போக்கில் தெரியும்.

1983இல் எஸ்கார்ட்ஸ் இங்கே கொண்டுவந்த இந்த வண்டி, 1970களின் யமஹா ஆர்.டி. 350இன் இந்தியப் பதிப்பு. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானில் 39ஆக இருந்த குதிரைத்திறன் இங்கே 30.5 ஆயிற்று. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் போய் டிரம் வந்தது. ஒரு மொழிபெயர்ப்பில் எது விட்டுப்போகிறது என்பதைக் கொண்டு மொழிபெயர்க்கிற சமூகத்தை அளக்கலாம் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மாமா இதை 1986இல் வாங்கினார். முப்பது வருஷம் ஓட்டிவிட்டு என்னிடம் சாவியைக் கொடுத்தபோது ஒன்றுதான் சொன்னார்: "மாப்ளே, இந்த வண்டி பிரேக்குல நிக்காது. நீ எவ்ளோ தூரம் முன்னாடி பாக்கறியோ, அதுல நிக்கும்."

எனக்கு அவ்வளவு தூரம் பார்க்கத் தெரியவில்லை. 2021 ஜனவரியில் ஒரு விடியற்காலை, கிரிவலப் பாதையில் எமலிங்கத்தைத் தாண்டி ஒரு கிழவி குறுக்கே வந்தாள். பிரேக் ஷூ தேய்ந்திருந்தது, கேபிளும் தொய்ந்திருந்தது. இரண்டும் என் அலட்சியம். வண்டி அவளைத் தொடாமல் ஒதுங்கி, அவள் கையிலிருந்து விழுந்த தூக்குச்சட்டியின் மேல் ஏறி, இன்னும் பத்தடி போய் நின்றது. அவள் என்னைத் திட்டவில்லை. திண்ணை ஓரம் உட்கார்ந்து, நசுங்கின சட்டியை முட்டியில் வைத்து நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த பணத்தை வாங்கவில்லை.

அந்த வாரமே சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். கழித்துக் கட்டிய வண்டிகளின் உறுப்புகள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில் பத்து வருஷப் பழசான ஒரு வண்டியின் டிஸ்க், பதினேழு அங்குலச் சக்கரம் ஆகியவற்றையும், அவற்றுக்குப் பொருந்துகிற, கம்பெனி முத்திரையில்லாத புதிய ஃபோர்க் ஒன்றையும் வாங்கி பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தேன். ஊரில் லேத் பட்டறைக்காரர் அளந்து பார்த்தார். புதிய ஃபோர்க்கின் ஸ்டெம் பழைய வண்டியின் கழுத்துக்குள் நிற்காது. தடிமன் வேறு, உயரம் வேறு. பழைய ஸ்டெம்மைப் பிரஸ்ஸில் கழற்றி, ஒரு புஷ் கடைந்து, புதிய கீழ்த்தட்டில் இறக்கினார். பழைய கோன் செட்டே உட்கார்ந்தது. "ஒக்காந்துடுச்சு சார்" என்றார். நானும் உட்கார்ந்துவிட்டது என்றே நம்பினேன்.

பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. ஆனால் செங்கம் சாலையில் எழுபதைத் தாண்டியதும் ஹாண்டில் நடுங்க ஆரம்பித்தது. சின்னப் பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியபோது, கையை உதறிக்கொண்டு போவது போல் இருபுறமும் ஆடியது. இறங்கி நின்ற பிறகும் என் முழங்கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பாங்கில், ஒரு செலான் தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன். புதிய ஃபோர்க் பழையதைவிட 30 மில்லிமீட்டர் குட்டை. சக்கரத்தின் ஆரமும் 8 மில்லிமீட்டர் குறைவு. முன்பக்கம் தாழ்ந்ததில் கழுத்தின் சாய்வு ஒன்றரைப் பாகைக்கு மேல் நிமிர்ந்துவிட்டது. கழுத்தின் அச்சுக்கோட்டை நேராகக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடம், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். இந்த இடைவெளியை டிரெயில் என்கிறார்கள். அதாவது சக்கரம் தன் அச்சுக்குச் சற்றுப் பின்தங்கியே நடக்கிறது. அப்படி நடப்பதால்தான் தானாக நேர்ப்படுகிறது. என் கணக்கில் இந்த இடைவெளி 14 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஒரு விரல் அகலம் கூட இல்லை. நானும் பட்டறைக்காரரும் இணைப்பை மட்டுமே அளந்திருந்தோம். நீளத்தை அளக்கவில்லை.

செலானைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் பத்து வருஷத்துக்கு முந்திய அந்தக் கட்டுரை ஞாபகம் வந்தது. இவ்வூர்க் கவிஞர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரே தொகுதி போட்டவர். அவருடைய கவிதைகளில் பாதி, இறந்துபோன மகனைப் பற்றியவை. ரோலான் பார்த் 1967இல் எழுதிய 'ஆசிரியனின் மரண'த்தை அப்போதுதான் படித்திருந்தேன். அதைக் கொண்டு அந்தத் தொகுதியை அணுகி, இங்கே பேசுவது ஒரு தகப்பன் அல்ல, மொழி மட்டுமே என்று பன்னிரண்டு பக்கம் நிரூபித்தேன். ஒவ்வொரு கருத்தாக்கத்துக்கும் ஒரு வரி கிடைத்தது. எல்லாம் உட்கார்ந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள்.

அவர் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். காபி கொடுத்தார். பிறகு, கோபமே இல்லாமல், "அதுல எம் பையன் பேரு இருக்குதே தம்பி. அதையும் எடுத்துடணுமா?" என்று கேட்டார். அதற்கு நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சாமர்த்தியமாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. இரண்டு வருஷத்தில் இறந்துபோனார்.

இதைச் சொல்வதால், கோட்பாடே அந்நியச் சரக்கு, நமக்கு வேண்டாம் என்கிறவர்களின் கட்சியில் நான் சேர்ந்துவிடவில்லை. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது முதல் இந்த வாதம் ஓய்ந்தபாடில்லை. பழைய டிரம்மே போதும் என்கிறவர்கள் தூக்குச்சட்டிக் கிழவியின் முன் நின்றிருக்கவில்லை. ரசனை, அனுபவம், ஆத்மார்த்தம் என்ற சொற்களை மட்டும் இழுத்துப் பிடித்து நிற்க முடியாத இடங்கள் விமர்சனத்தில் உண்டு. ஆனால் புதியதைப் பொருத்துகிறவன் இணைப்போடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 1934இல் மணிக்கொடியில் ந. பிச்சமூர்த்தி யாப்பை விட்டு எழுதியபோது, பேச்சின் நீளத்தைக் காதால் அளந்துவைத்துக்கொண்டே விட்டார் என்று எனக்குப் படுகிறது. பின்னால் வந்தவர்களில் பலர் விட்டதை மட்டும் பின்பற்றினார்கள்.

மறுபடி புதுப்பேட்டை. இந்தத் தடவை ஸ்கேலோடு போனேன். பழைய நீளத்துக்குச் சமமான ஃபோர்க். ஸ்போக் வைத்த டிஸ்க் ஹப் ஒன்று. பழைய பதினெட்டு அங்குல ரிம்மையே அந்த ஹப்பில் கோர்க்கச் செய்தேன். நடுக்கம் நின்றது. பழைய ஃபோர்க் சாக்கில் சுற்றி பரணில் இருக்கிறது. தயாரிப்பாளரின் வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. ஆகவே யாருக்கும் இதை யோசனையாகச் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் மாமாவை வரச் சொன்னேன். அவலூர்ப்பேட்டை சாலையில் தனியாகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார். கேட்டேன்.

"நிக்குது" என்றார். கொஞ்ச நேரம் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம், என்னால முடியாதுன்னு முன்னாடியே சொல்லிடும் மாப்ளே. இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. நீதான் கேட்டுக்கணும்."

அந்தப் பன்னிரண்டு பக்கத்தை மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மகனின் பெயரிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் ஒரு பக்கம் தாண்டவில்லை.